நூற்றுப்பத்துக்கு ஒன்று குறைவு

நடந்தவை, வரிசைப்படி:

1. மாசி மாதத்தில் ஒரு எலி எங்கள் பிக்கப்பின் முன்பக்கத்தில் புகுந்து இரண்டு ஒயர்களைக் கடித்தது. மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

2. பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை, நாற்பது பிளாஸ்டிக் கிரேட்களில் குடமிளகாயுடன் அப்பா ராயக்கோட்டை மண்டிக்குக் கிளம்பினார்.

3. மண்டிக்கு ஏறும் மேட்டில் வரிசையில் நிற்கும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பல்சக்கரத்துக்குள் வெப்பமானி வரைந்த படம். அப்பா அதைச் சூரியன் என்று எடுத்துக்கொண்டார். வெயில் காலத்தில் சூரியன் எரிவதில் தவறொன்றும் இல்லை என்று இருந்துவிட்டார்.

4. பத்து நிமிடத்தில் கருகிய வாடை வந்தது. முன்னால் நின்ற தக்காளி வண்டியை அப்பா சந்தேகப்பட்டார்.

5. வரிசை நகர்ந்தது. எங்கள் வண்டி நகரவில்லை. எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை.

6. சித்தப்பா தன் வண்டியோடும் கயிற்றோடும் வந்தார். ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படிக் கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் மொத்தமாகப் போய்விடும் என்று நான் ஓசூரிலிருந்து போனில் கத்தினேன். நான் கத்தி அவர்கள் கேட்டதே இல்லை என்பதால் கயிற்றை உடனே அவிழ்த்துவிட்டார்கள்.

7. மெக்கானிக் கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. அவர் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். "ஆயில் ஹீட் ஜாஸ்தி ஆய்த்து அண்ணா. இன்னொரு தடவை இந்த மாதிரி ஆனா, கியர்பாக்ஸ் முடிஞ்சுது" என்றார்.

8. "வித்துடலாம்ணா" என்றார் சித்தப்பா. அம்மா தலையாட்டினார். அப்பா இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் அதில் அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் நாள் முழுக்கக் கிளட்சை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. முப்பது வருடமாகத் தன் காய்கறியைத் தானே ஓட்டிக்கொண்டு போனவர். மூன்று மாதம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். அந்த மூன்று மாதமும் யார் ஓட்டினாலும் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஒருநாள், யாரிடமும் கேட்காமல், ஓசூரில் பழைய வண்டி விற்பவரிடமிருந்து இந்த ஆட்டோமேட்டிக் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்காரலாம், அதற்கும் பின்னால் சரக்கு.

"கிளட்சே இல்ல, பாரு" என்று அம்மாவிடம் கதவைத் திறந்து காட்டினார். ஏதோ வரன் பார்த்து முடித்த மாதிரி முகம்.

முதல் வாரம் அப்பாவின் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் பிரேக்கை மிதிக்கும். வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கும்பிடு போடுவோம். இரண்டாவது வாரத்தில் சரியாகிவிட்டது. அதனால் வண்டியை விற்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அப்பா மறுபடியும் பக்கத்து சீட்டுக்கு வருவார், இந்த முறை எழுந்திருக்க மாட்டார்.

நான் ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். அளக்காத ஒன்றைப் பற்றி முடிவெடுப்பது எனக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. எனவே வீட்டில் ஒரு கோரிக்கை வைத்தேன். நான்கு வாரம் கொடுங்கள். தினமும் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டை அளப்போம். நூற்றுப்பத்து டிகிரியைத் தொட்டால் விற்றுவிடலாம். தொடாவிட்டால் வண்டி இருக்கும், அப்பா ஓட்டுவார்.

"சரி. நாலாவது சனிக்கிழமைக்கு வாங்கற ஆள நான் மண்டிக்கே வரச் சொல்லிடறேன்" என்றார் சித்தப்பா. அவருக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு நண்பர் இருந்தார், எதை விற்றாலும் வாங்கத் தயாராக.

"தொட்டாதானடா?" என்றார் அப்பா.

"தொடும்ணா. ஊர்ல எவனாவது ஆட்டோமேட்டிக்ல குடமிளகா ஏத்தறானா?"

தீப்பெட்டி அளவு கருவி ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் வண்டியின் உள்விவரங்களைப் போனுக்கு அனுப்பும். அதை மாட்டி, பழைய போன் ஒன்றை அப்பாவின் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண் தெரியும்படி வைத்தேன். வெயில் மறைப்பில் ஒரு தாளையும் ஒட்டினேன்:

80 முதல் 95 வரை: பேசாமல் ஓட்டவும்.
96 முதல் 104 வரை: வேகமாக மிதிக்க வேண்டாம். மேட்டில் கியரை ஒன்று குறைத்து வைக்கவும்.
105 முதல்: ஓரம் கட்டி, கியரைப் 'பார்க்'கில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் விடவும். எஞ்சின் ஓடினால்தான் ஆயில் சுற்றும், சுற்றினால்தான் ஆறும்.
110: எனக்கு போன் செய்யவும்.

நான்கு வரி. தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அப்பா கடைசி வரியை மட்டும் எல்லா எண்ணுக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டார்.

முதல் திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன்.

"பாப்பா, தொண்ணூத்தி எட்டு."

"நார்மல்தாம்பா. ஓட்டுங்க."

பதினைந்து நிமிடத்தில் மறுபடி. "பாப்பா, நூத்தி ரெண்டு."

"பதறாதீங்க. கொஞ்ச நேரத்துல இறங்கிடும்."

எங்கள் ஷிப்ட் மேலாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மென்மையானவர். "அப்பாவுக்கா? மாத்திரை குடுத்தாச்சாம்மா?" என்று கேட்டார். நான் விளக்குவதற்குள் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். நேரமில்லாததால் அந்தத் தகவலை நான் திருத்தவில்லை. இதன் விளைவு பிறகு வந்தது.

அந்த முதல் வாரத்திலேயே ஒரு குற்றவாளியைப் பிடித்தேன். லீவு போட்டு அப்பாவோடு மண்டிக்குப் போனேன். மேட்டில் வரிசை நிற்கும்போது அப்பா பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து, வண்டி பின்னால் உருளாமல் அப்படியே அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். முப்பது வருடமாக அரைக் கிளட்சில் மேட்டில் நின்ற பழக்கம், கிளட்ச் போனதும் வலது காலுக்கு மாறிவிட்டது.

"அப்பா, பிரேக்க மிதிங்க."

"பிரேக்க மிதிச்சா ஓட்டத் தெரியாதவன்னு நெனப்பானுங்க."

"இப்படி நின்னா உள்ள ஆயில் சும்மாவே கடையும். சூடுதான் ஏறும். எண்ணப் பாருங்க."

பார்த்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ஏறியிருந்தது. அன்று முதல் மேட்டில் பிரேக் போட ஆரம்பித்தார், யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு.

நான்கு டிகிரி குறைந்தது. ஆனால் பிரச்சினை தீரவில்லை. அதே பாதை, அதே நாற்பது கிரேட், அதே ஓட்டுநர், ஆனால் எண் ஒருநாள் 92, இன்னொரு நாள் 104. காரணங்களைப் பட்டியலிட்டேன். சரக்கின் எடை, டயர் காற்று, வெயில், ஆயிலின் அளவு, வேகம், ஏசி என்று பதினான்கு வந்தது. ஏசி சரியாகக் குளிரவில்லை என்று அப்பா சொன்னதை, வேறு விஷயம், பிறகு பார்க்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் குறித்தேன். பானெட்டைத் திறந்து மேலிருந்து டார்ச் அடித்தும் பார்த்தேன். எங்கள் பாதையில் ஒரு ஜல்லி கிரஷர் இருக்கிறது. டிப்பர் லாரிகள் போய்ப் போய் எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறப் புழுதி. பாகம் பாகமாக எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

இரண்டாவது வார முடிவில் ஒவ்வொரு நாளின் உச்ச எண்ணையும் கோடு போட்டு இணைத்தேன். ரம்பத்தின் பல் போல வந்தது. திங்கள் முதல் வியாழன் வரை மெல்ல ஏறி, வெள்ளிக்கிழமை செங்குத்தாக விழுந்தது.

அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அதென்னா, அங்க மட்டும் தொபுக்கடீர்னு எறங்குது?"

"வெள்ளிக்கிழமை."

அம்மாவின் முகத்தில் பரவிய ஒளியை என்னால் எந்த அலகிலும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, டயருக்கு அடியில் வைத்து நசுக்குவது அம்மாவின் பொறுப்பு.

"எத்தன வருஷமா சொல்லிகினு இருக்கறேன், யாரு கேட்டீங்க? இப்ப உன் கம்ப்யூட்டரே சொல்லுது."

"இது தற்செயலா இருக்கலாம்மா. ரெண்டு வாரத்த வெச்சு முடிவு பண்ணக் கூடாது."

"அப்ப செவ்வாக்கெழமையும் சுத்திப் பாத்துடலாம்."

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அப்பா வண்டியைக் கழுவினார், அம்மா பழம் சுற்றினார். அன்றைய உச்சம் 91. எனக்கு நான்கு வருடம் பொறியியல் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் அந்தச் சமயத்தில் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. வேறு வழியில்லாமல் அட்டவணையில் "பூஜை" என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஆம், இல்லை.

ஒரு சோதனையைச் சரியாகச் செய்வதென்றால் இரண்டையும் பிரிக்க வேண்டும். கழுவாமல் பூஜை மட்டும் செய்து பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கழுவாத வண்டிக்குப் பொட்டு வெக்கிறதா? குளிக்காத பொண்ணுக்குப் பூ வெச்ச மாதிரி இருக்கும்."

சோதனை நிராகரிக்கப்பட்டது. ஆனால் நான்காவது வாரம் வியாழக்கிழமை போர்வெல் மோட்டார் எரிந்துபோனது.

அதே வியாழக்கிழமைதான் அப்பா கூட்டத்தின் நடுவே கூப்பிட்டார். "பாப்பா, நூத்தி ஆறு." நான் "பார்க்ல போட்டுட்டு அப்படியே விடுங்க, ஆறட்டும்" என்று சொல்லி வைத்தேன். மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். "நூத்தி ஆறா? பார்க்கிலயா படுக்க வச்சிருக்கீங்க? ஏம்மா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஆளில்லையா?" அவர் கம்பெனி காரையே கூப்பிடப் போனார். கியர்பாக்ஸைப் பற்றி இருபது பேர் முன்னால் விளக்கினேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை, எண்ணைத்தான் கேட்கிறார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் இல்லை. அப்பா காய்ந்த துணியால் வண்டியின் பக்கவாட்டை மட்டும் துடைத்தார். அம்மா மனசில்லாமல் பொட்டு வைத்து, ஈடுகட்ட இரண்டு எலுமிச்சம்பழம் சுற்றினார். அன்றைய உச்சம் 107.

"ரெண்டு பழம் பத்தல" என்றார் அம்மா.

எனக்குப் பாதி விளங்கியது. தண்ணீர். ஆனால் காலையில் ஊற்றிய தண்ணீர் நாலு நாளைக்கா வண்டியைக் குளிர வைக்கும்? அன்று மாலை அப்பா என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் அப்படி நின்றால் ஏதோ கேட்கப் போகிறார்.

"பாப்பா, அந்த டப்பாவுல ஒரு அஞ்சு டிகிரி கம்மியா காட்டற மாதிரி செட் பண்ண முடியாதா?"

"முடியும்பா. பண்ண மாட்டேன்."

"சரி, சரி. சும்மா கேட்டேன்." போய்விட்டார். போகும்போது முழங்கால் லேசாக இழுத்தது. எனக்கு அன்று அட்டவணையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை. முன்னால் அப்பாவும் நானும். பின்னால் அம்மா, மடியில் ஒரு எலுமிச்சம்பழம். அவருக்குப் பக்கத்தில் சித்தப்பா, வெள்ளைச் சட்டையில், சாட்சியாக. கிரஷர் சாலையில் எங்களுக்கு முன்னால் இரண்டு டிப்பர்கள் போயின. ஆளுக்கு ஒரு வாய் புழுதி.

மண்டி மேட்டை அடையும்போது 104. வரிசை நீளம். அப்பா பிரேக்கில் நின்றார். அவருடைய ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

"நூத்தி ஆறு" என்றார் சித்தப்பா, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்து.

"எனக்கும் கண்ணு இருக்குதுடா."

"நூத்தி ஏழு."

"தம்பி, நீங்க வாய மூடுங்க. கண்ணு பட்டே ஏறுது" என்றார் அம்மா.

"நான் பார்த்தா ஏறுமா அண்ணி? அது எஞ்சினியர் வெச்ச மீட்டரு."

நூற்றியெட்டு. வரிசையில் இடம் கிடைத்ததும் அப்பா ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் விட்டார். தாளில் எழுதியிருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ணையே பார்த்தார். இறங்க வேண்டியது ஏறியது. நூற்றியொன்பது.

தொழிற்சாலையில் காற்றிழுக்கும் விசிறிகளைச் சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் இறங்கி, கையிலிருந்த மண்டி டோக்கன் சீட்டை வண்டியின் முன் கிரில்லில் வைத்தேன். உள்ளே விசிறி இரைந்துகொண்டிருந்தது. டோக்கன் ஒட்டவில்லை. நழுவித் தரையில் விழுந்தது.

குனிந்து கிரில் இடுக்கில் விரலை விட்டேன். துணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. சுரண்டினேன். சாம்பல் நிறப் புழுதி பாளமாகப் பெயர்ந்து, அடியில் வெள்ளை தெரிந்தது. நாங்கள் குடமிளகாய் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸைச் சுற்றிக் கட்டும் பூச்சி வலை. இலைப்பேன்கூடப் புக முடியாத பொடிக்கண் வலை. நான்கு மூலையிலும் கச்சிதமாகப் பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டியிருந்ததால், மேலிருந்து பார்த்தபோது கம்பெனியிலேயே வைத்த பாகம் போலத்தான் இருந்தது. அதற்கு நேர் பின்னால் கியர்பாக்ஸ் ஆயிலை ஆற்றும் சின்ன ரேடியேட்டர். அதற்குப் பின்னால் ஏசியினுடையது. வெள்ளிக்கிழமைதோறும் அப்பா குழாயைப் பிடித்து முன்பக்கத்தை அடித்துக் கழுவும்போது வலைக்கண்கள் திறந்தன. அடுத்த வியாழனுக்குள் அடைந்தன.

"அப்பா, இது என்னா?"

அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "வலை."

"யாரு கட்டினது?"

"நான்தான். எலி வந்தப்ப முன்னால வலை போடச் சொல்லி நீதானே போன்ல அனுப்பின?"

போனை எடுத்துப் பார்த்தேன். மாசி மாதம், என் கைப்பட: "எலி புகாமல் முன்னால் வலை போடுங்கள்." நான் நினைத்தது விரல் நுழையும் கண் வைத்த இரும்புக் கம்பி வலை. எழுதியது வெறும் வலை. பதினான்கு காரணங்களின் பட்டியலில் என் பெயர் இல்லை.

"ஏம்பா ரெண்டு மடிப்பா கட்டியிருக்கீங்க?"

"பூச்சிக்கே ஒரு மடிப்பு கட்றோம். எலி பெரிசாச்சே?"

சித்தப்பா கிரேட் கயிறு அறுக்கும் கத்தியோடு இறங்கினார். "தள்ளு" என்று சொல்லி நான்கு டேகையும் அறுத்து, வலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஒரு வாரத்துக் கிரஷர் புழுதி மொத்தமும் வெள்ளைச் சட்டை மேல் இறங்கியது. கண் இரண்டு மட்டும் தெரிந்தது.

"எஞ்சினியர் வூட்டு வண்டி" என்றார், தும்மலுக்கு நடுவில். "நல்லா இருக்குது உங்க எஞ்சினியரிங்கு!"

நான் கீழே கிடந்த டோக்கனை எடுத்து மறுபடியும் கிரில்லில் வைத்தேன். படக்கென்று ஒட்டிக்கொண்டது.

உள்ளே அப்பா உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "நூத்தி எட்டு. நூத்தி ஆறு. நூத்தி மூணு." வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஏலம் நடக்கிறதோ என்று எட்டிப் பார்த்தார்கள். "தொண்ணூத்தி ஏழு. பாப்பா, தொண்ணூத்தி நாலு!"

கிருஷ்ணகிரி நண்பர் மண்டி வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். சாம்பல் பூசிய சித்தப்பா அவரிடம் போய், "வண்டி குடுக்கறதா இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு டிகிரில தப்பிச்சீங்க" என்றார். அது உண்மை. அட்டவணையில் 109 என்றே எழுதினேன்.

அம்மா கடைசியாக இறங்கினார். அவர் கையில் எலுமிச்சம்பழம் நசுங்கியிருந்தது. "இது இல்லன்னா உனக்கு அந்த எடத்துல குனிஞ்சு பாக்கத் தோணியிருக்குமா?" என்று கேட்டார். என்னிடம் அதற்கு எதிராகத் தரவு எதுவும் இல்லை.

இன்றைய நிலவரம்: வண்டியின் முன்னால் இரும்புக் கம்பி வலை இருக்கிறது. அதை நானே வாங்கி நானே மாட்டினேன். பூச்சி வலை பாலிஹவுஸுக்குத் திரும்பிவிட்டது. ஏசி குளிர்கிறது. மண்டி மேட்டில் உச்சம் 93. பூஜைப் பத்தியை அட்டவணையிலிருந்து நான் எடுக்கவில்லை. எலி இன்னும் பிடிபடவில்லை. அப்பா ஓட்டுகிறார்.